பில்லுல ‘டையிங் ஆக்ஸிலரி’, வண்டிக்குள்ள ஹைட்ரோஸ்: புகை வந்தா யாரு பொறுப்பு?

திருப்பூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகர் பெரிய லெட்டரா எழுதியிருக்கார், ஆள் யாருன்னு தெரியாத மாதிரி சுருக்கிச் சொல்றேன். வயசு 38, ரெண்டு ஐச்சரும் ஒரு குட்டியானையும் வச்சு டிரான்ஸ்போர்ட் பண்றவர். துணி ரோல், நூல் மூட்டை, அதோட சாயப்பட்டறைக்குப் போற கெமிக்கலும் ஓட்டறார். ஈரோட்டுல ஒரு கெமிக்கல் வியாபாரி ரெகுலர் பார்ட்டி. போன ஐப்பசி மழையில ஒரு நாள் 50 கிலோ ஹைட்ரோஸ் (சாயப்பட்டறைக் கெமிக்கல்) டிரம் பத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு கேன் பன்னண்டு, மிச்சம் இருந்த இடத்துல இன்னொரு பார்ட்டியோட பனியன் துணி ரோல், எல்லாத்தையும் ஒரே ஐச்சர்ல ஏத்தி அனுப்பியிருக்கார். தார்ப்பாய் ஒரு மூலையில கிழிஞ்சிருந்துச்சாம், ஒரு டிரம்முக்கு மூடி சரியா லாக் ஆகலையாம்.

பெருந்துறை தாண்டினதும் பின்னாடி புகை, மூக்கைப் பொசுக்கற கந்தக நெடி. டிரைவர் டீக்கடையில ஒரு பக்கெட் தண்ணி வாங்கி ஊத்தியிருக்கார், அது இன்னும் பொங்கியிருக்கு, அப்புறம் சாக்கைப் போட்டு மூடிப் பார்த்திருக்கார், அதுவும் வேலைக்காகல. கடைசியில தீயணைப்பு வண்டி வந்து ஹோஸ் வச்சு அடிச்சுத்தான் நின்னுருக்கு. டிரைவருக்கு ரெண்டு கையும் வெந்துருச்சு, இருமலோட சில நாள் ஆஸ்பத்திரியில இருந்து இப்ப வீட்டுல இருக்கார். வண்டியோட பாடி கருகிப் போச்சு. துணிக்காரர் 4 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டார். கெமிக்கல்காரரோ “நான் பில்லுல டையிங் ஆக்ஸிலரினு (சாயத்துக்கான துணைக் கெமிக்கல்னு பொதுவா) போட்டுக் குடுத்தேன், ஏத்துனது நீ, அதனால உன் பொறுப்பு”ன்னு போனை வச்சுட்டார். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து டிரைவர் லைசென்ஸ்ல அபாயகரமான சரக்கு ஓட்டறதுக்கான எண்டார்ஸ்மென்ட் எங்கன்னு கேட்டிருக்கார், அப்படி ஒண்ணு இருக்கறதே இவருக்கு அப்பத்தான் தெரியும். இதுக்கு நடுவுல ஒரு புரோக்கர், எண்டார்ஸ்மென்ட் இருக்கற வேற டிரைவர் ஒருத்தரை நான் தர்றேன், அவர்தான் ஓட்டுனார்னு எழுதிக் குடுத்துடலாம்னு சொல்லியிருக்கார். “மேடம், அப்படிப் பண்ணலாமா? துணிக்காசை நான்தான் கட்டணுமா? இனிமே இந்த லோடே எடுக்காம விட்டுடறதா?” இதான் கேள்வி.

தம்பி, புரோக்கர் விஷயத்துக்கு மட்டும் முதல்லயே பதில் சொல்லிடறேன். வேண்டாம். காரணத்தை கீழ சொல்றேன், ஆனா இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவர் போன் பண்ணினா எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க.

டிரைவர் தண்ணி ஊத்துனதுதான் தப்புன்னு எழுதியிருக்கீங்க

லெட்டர்ல ரெண்டு இடத்துல இதைச் சொல்றீங்க, “அவன் சும்மா இருந்திருந்தா இவ்வளவு ஆயிருக்காது”ன்னு. நான் கெமிக்கல் படிச்சவ இல்ல, ஆனா திருப்பூர், ஈரோடு கேஸ் பார்க்கற வக்கீலுக்கு ஹைட்ரோஸ் பத்தித் தெரியாம இருக்க முடியாது. அது சோடியம் டைதயோனைட், ஐ.நா நம்பர் 1384, வகுப்பு 4.2, அதாவது தானாவே சூடேறிப் பத்திக்கற பொருள். கொஞ்சம் ஈரம் பட்டாலே போதும், உள்ளுக்குள்ள சூடு ஏற ஆரம்பிச்சுடும், சல்ஃபர் டையாக்சைடு கிளம்பும், உங்க டிரைவர் நெஞ்சைப் புடிச்சது அந்தப் புகைதான். இதுல பலபேருக்குத் தெரியாத விஷயம் என்னன்னா இது எரியறதுக்கு வெளிக்காத்தே தேவையில்ல, அதனால சாக்கு போட்டு மூடறது, மண்ணைக் கொட்டறது எதுக்கும் அடங்காது. ஒரு பக்கெட் தண்ணி ஊத்துனா ரியாக்‌ஷனுக்குத் தீனி போட்ட மாதிரிதான். வெள்ளமா, நிறுத்தாம தண்ணி அடிச்சாத்தான் அடங்கும். தீயணைப்புக்காரங்க செஞ்சது அதைத்தான். 1995ல அமெரிக்காவுல நியூஜெர்சி மாநிலம் லோடைங்கற ஊர்ல ஒரு ஃபேக்டரியில இதே பொருளும் அலுமினியப் பவுடரும் கலக்கற மிஷினுக்குள்ள தண்ணி இறங்கி, சூடேறுனதை வெளிய எடுக்கப் போன நேரத்துல வெடிச்சு அஞ்சு பேர் செத்தாங்க, அவங்க கெமிக்கல் கம்பெனி ஆளுங்க.

இதை ஒரு டிரைவர் எப்படித் தெரிஞ்சுக்குவார்? தெரிஞ்சிருக்கணும்னுதான் சட்டத்துல டிரெம் கார்டுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. என்ன பொருள், தீ புடிச்சா என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது, மேல பட்டா என்ன முதலுதவி, யாருக்கு போன் போடணும்னு எல்லாம் எழுதின ஒரு தாள், அது டிரைவர் கேபின்ல இருக்கணும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 129ல இருந்து 137 வரைக்கும் இதே சமாச்சாரம்தான். அந்தத் தகவலை எழுத்துல டிரைவர் கையில குடுத்து, அவருக்குப் புரிஞ்சுதான்னு பார்க்கறது 132ஆவது விதிப்படி வண்டி ஓனரோட வேலை, அதாவது உங்க வேலை. அதைச் செய்யாம அந்த மனுஷனைக் குத்தம் சொன்னா எந்தக் கோர்ட்டுலயும் நிக்காது, உண்மையைச் சொன்னா சொல்றதே நியாயமும் இல்ல.

இன்னொண்ணும் இருக்கு, அதை நீங்க கவனிச்ச மாதிரியே தெரியல. ஹைட்ரோஸையும் பெராக்சைடையும் ஒரே பாடியில ஏத்துனீங்க. பெராக்சைடு 5.1 வகுப்பு, ஆக்சிஜனைக் கக்கற பொருள். கப்பல் சரக்குக்கான சர்வதேச கோட்ல 4.2ஐயும் 5.1ஐயும் கிட்டகிட்ட வைக்கவே விடமாட்டாங்க. பத்தாததுக்கு நடுவுல பருத்தித் துணி வேற. பெராக்சைடு கேன் அன்னிக்கு ஒண்ணுகூட ஒழுகலைன்னு எழுதியிருக்கீங்க, அதைப் படிச்சதும் எனக்குப் போன உசுரு வந்துச்சு. அந்தக் கேன் மூடியில சின்னதா ஒரு வென்ட் இருக்கும், உள்ள உருவாகற வாயு வெளிய போறதுக்கு. ஆட்டத்துல சிந்துதேன்னு சிலர் அதை எடுத்துட்டு டைட் மூடி போடுவாங்க, சிலர் இடம் பத்தலைன்னு கேனைப் படுக்க வைப்பாங்க. ரெண்டும் கூடாது. துருப்பிடிச்ச தகரம், மரப்பலகை, துணி இதுலயெல்லாம் பெராக்சைடு சிந்தி ஊறுனா அது பாட்டுக்குச் சூடேறும்.

கெமிக்கல்காரர் தப்பிக்க முடியாது

“ஏத்துனது நீ, உன் பொறுப்பு”ங்கறது பாதிதான் உண்மை. அதே விதிகள்ல 131ஆவது விதி அனுப்பறவருக்கானது. என்ன பொருள், என்ன ஆபத்துன்னு முழுத் தகவலையும் அவர் உங்களுக்குக் குடுத்தே ஆகணும். இதுபோக சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, எட்டாவது பிரிவு: சரக்கு அனுப்பறவர் ஃபார்வர்டிங் நோட் எழுதிக் குடுக்கணும், அபாயகரமான சரக்குன்னா அதுல அப்படியே சொல்லணும், அதுல இருக்கற விவரம் தப்பாவோ அரைகுறையாவோ இருந்து டிரான்ஸ்போர்ட்காரருக்கு நஷ்டம் வந்தா அதை அவர் ஈடு கட்டணும். உங்க கையில இருக்கற பெரிய ஆயுதம் இது.

இப்ப ஒரு வேலை பண்ணுங்க. அந்த லோடோட பில், ஈ-வே பில் ரெண்டையும் எடுத்து ஹெச்.எஸ்.என் கோடு, அதாவது ஜி.எஸ்.டி-க்காகப் பொருளை அடையாளம் காட்டற நம்பர், என்ன போட்டிருக்குன்னு பாருங்க. பெராக்சைடுக்கு 2847, ஹைட்ரோஸ் வர்ற தலைப்பு 2831. பேருல டையிங் ஆக்ஸிலரினு எழுதிட்டு கோடு மட்டும் சரியா 2831னு போட்டிருந்தார்னா, என்ன பொருள்னு அவருக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சே பேரை மாத்தி எழுதியிருக்கார்னு அவர் பில்லே சாட்சி. கோடையும் சேர்த்து மாத்தியிருந்தா, அது அவருக்கு ஜி.எஸ்.டி பக்கம் தனித் தலைவலி. எப்படிப் பார்த்தாலும் அந்தப் பேப்பர் உங்களுக்கு உதவும், அதனால ஒரிஜினலை யார் கேட்டாலும் குடுக்காதீங்க, வாட்ஸாப்ல லோடு சொன்ன மெசேஜையும் அழிச்சுடாதீங்க. “நாளைக்கு ஹைட்ரோஸ் பத்து, பெரா பன்னண்டு”ன்னு அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதை ஒரு பென்டிரைவ்ல எடுத்து வையுங்க, அந்த போனையும் விக்காதீங்க.

ஆனா அதே மெசேஜ் உங்களையும் குத்தும் தம்பி, அதையும் சொல்லிடறேன். பில்லுல என்ன எழுதியிருந்தாலும் உள்ள இருக்கறது ஹைட்ரோஸ்னு உங்களுக்குத் தெரியும்னு அதுல தெளிவா இருக்கு. அதனால எனக்கு எதுவுமே தெரியாதுங்கற வாதம் நமக்குக் கிடையாது. ‘எனக்குப் பேருதான் தெரியும், அதோட ஆபத்தையும் பேப்பரையும் அவர் தரல’ன்னு மட்டும்தான் சொல்ல முடியும். கோர்ட் பொறுப்பை ரெண்டு பேருக்கும் பிரிச்சு வைக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு எனக்குத் தோணுது.

லைசென்ஸும் இன்சூரன்ஸும்

சுப்ரீம் கோர்ட்டே எல்.எம்.வி (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும்னு சொல்லிடுச்சேன்னு கேட்டிருக்கீங்க. 2024 நவம்பர் 6ஆம் தேதி அஞ்சு நீதிபதி பெஞ்ச் சொன்ன தீர்ப்பைத்தான் சொல்றீங்க, ஏழரை டன்னுக்கு மேல போகாத சரக்கு வண்டியை எல்.எம்.வி லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு வந்தது. வாட்ஸாப் குரூப்ல அந்த ஒரு வரி மட்டும் சுத்துது. அதே தீர்ப்புலயே ஈ-ரிக்ஷா, ஈ-கார்ட், அபாயகரமான சரக்கு ஏத்தற வண்டி இதுக்கெல்லாம் தனித் தகுதி விதி தொடரும்னு சொல்லியிருக்காங்க. அந்தத் தனித் தகுதி அதே மத்திய மோட்டார் வாகன விதிகள்ல ஒன்பதாவது விதியில இருக்கு: எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும், மூணு நாள் பயிற்சி முடிச்ச சர்டிபிகேட் வேணும், அதை வச்சு ஆர்.டி.ஓ ஆபீஸ்ல லைசென்ஸ்ல பதிஞ்சு வாங்கணும். அதுக்குக் காலாவதித் தேதியும் உண்டு, தேதி முடிஞ்சா புதுப்பிக்கணும். டேங்கர் ஓட்டறவங்களுக்கு மட்டும்தான் இதுன்னு நினைக்கறது தப்பு, டிரம்மோ கேனோ மூட்டையோ, உள்ள என்ன இருக்குங்கறதுதான் கணக்கு.

அப்ப சர்வேயர் கேட்டது நியாயமான கேள்விதான். க்ளெய்மை அவங்க மறுக்க வாய்ப்பு இருக்கு. நம்ம பக்க வாதம் என்னன்னா, வண்டி எங்கயும் மோதல, ஓட்டினதுல குறையில்ல, சரக்கு தானாப் பத்திக்கிச்சு, இதுக்கும் எண்டார்ஸ்மென்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். அவங்க திருப்பி, அந்த மூணு நாள் பயிற்சியே இந்த மாதிரி நேரத்துல என்ன செய்யணும்னு சொல்லித்தரத்தானேன்னு கேப்பாங்க, அதுலயும் பலம் இருக்கு. பாலிசி நிபந்தனை மீறல் இருந்தாலும் வண்டிச் சேதத்துக்கு ஒரு பகுதியையாவது குடுக்கணும்னு 2010ல அமலேந்து சாஹு வழக்குல சுப்ரீம் கோர்ட் 75 சதவீதம் குடுக்கச் சொல்லியிருக்கு, அது வேற மாதிரி மீறல், ஆனா அதைக் காட்டி நுகர்வோர் ஆணையத்துல கேட்டுப் பார்க்கலாம். மறுப்புக் கடிதம் வந்த தேதியில இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். முழுசா வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.

இதுல நல்ல காலம்னு சொல்லணும்னா ரோட்டுல வேற யாருக்கும் அடிபடல. அடிபட்டிருந்தா இன்சூரன்ஸ் கம்பெனி அவங்களுக்குப் பணத்தைக் குடுத்துட்டு அப்புறம் உங்ககிட்ட வசூல் பண்ண வந்திருக்கும், வீட்டுப் பத்திரம் வரைக்கும் போற சமாச்சாரம் அது.

இப்ப புரோக்கர் கதைக்கு வர்றேன். தீயணைப்பு அறிக்கையில உங்க டிரைவர் பேரு இருக்கும், ஆஸ்பத்திரி ஏ.ஆர் (விபத்துப் பதிவேடு) காப்பியில இருக்கும், ஸ்டேஷன்ல இருக்கும். வெந்த கை அவரோடது, வண்டி ஓட்டுனது இன்னொருத்தர்னு எழுதிக் குடுத்தா ஒரு சாதாரண இன்வெஸ்டிகேட்டரே ஒரு நாள்ல கண்டுபிடிச்சுடுவார். அதோட, பாதியாவது கிடைச்சிருக்கக்கூடிய க்ளெய்ம் மோசடின்னு மொத்தமாப் போகும், பி.என்.எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 318ல ஏமாத்துன கேஸும் வரும். புரோக்கர் கமிஷனை வாங்கிட்டுப் போயிடுவார், அந்த ஸ்டேட்மென்ட்ல இருக்கற கையெழுத்து உங்களோடது. இன்னொரு விஷயமும் இருக்கு, டிரைவரே வண்டியில இல்லைன்னு நீங்க எழுதிட்டா அவருக்கு வர வேண்டிய நஷ்டஈடும் செத்துரும்.

டிரைவருக்கு நீங்க செய்ய வேண்டியது

லெட்டர்ல இதைப் பத்தி ஒரு வரிதான் இருக்கு, “ஆஸ்பத்திரிக்கு பாதி குடுத்துட்டேன்”னு. பாதி போதாது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923 படி (2025 நவம்பர்ல இருந்து அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020க்குள்ள போயிடுச்சு) வேலையில இருக்கும்போது காயம்னா மருத்துவச் செலவு ஆன அளவுக்கு முழுசா முதலாளிதான் திருப்பித் தரணும், கை பழையபடி வேலைக்கு வரலைன்னா அதுக்கேத்த இழப்பீடும் தனியா. அவர் பக்கம் தப்பு இருந்துச்சா இல்லையாங்கற கேள்வியே பொதுவா இதுல எழாது. சம்பள டிரைவருக்கான இந்தப் பொறுப்பு வண்டி பாலிசியிலயே வரும், அதனால இன்சூரன்ஸுக்கு எழுதும்போது டிரைவர் காயத்தையும் சேர்த்து எழுதுங்க, இதுவரைக்கும் எழுதல போல இருக்கு. பில்லையெல்லாம் அவர் வீட்டுல போய் வாங்கிட்டு வாங்க, மிச்சக் காசைக் குடுத்துட்டு வவுச்சர்ல கையெழுத்து வாங்கிக்குங்க. அந்தப் புகை நெஞ்சுல இறங்கினதால இருமல் நிக்கலைன்னா நுரையீரல் டாக்டர்கிட்டயும் காட்டச் சொல்லுங்க.

துணிக்காரர் நோட்டீஸ்

இதுல உங்களுக்குப் பெருசா மறைய இடமில்ல. எல்.ஆர் (லாரி ரசீது) போட்டு சரக்கை வாங்கினீங்க, கெமிக்கலோட ஏத்தறேன்னு அவர்கிட்ட சொல்லல. வண்டி இன்சூரன்ஸ் இந்தத் துணிக்குக் காசு தராது, அது தனியா கேரியர் பாலிசியோ டிரான்சிட் பாலிசியோ இருந்தாத்தான். அவர்கிட்ட டிரான்சிட் பாலிசி இருக்கான்னு முதல்ல விசாரிங்க, பெரிய பார்ட்டிங்க பலபேர் எடுத்து வச்சிருப்பாங்க. அப்படின்னா பேச்சு அவங்க இன்சூரன்ஸ் கம்பெனியோட, நிதானமாப் பேசலாம். இல்லைன்னா, 4 லட்சத்துக்குக் கணக்கு கேளுங்க, எத்தனை ரோல் எரிஞ்சது, எத்தனை ரோல் தண்ணியில நனைஞ்சது மட்டும்னு பிரிக்கச் சொல்லுங்க, நனைஞ்ச துணிக்கு மறுபடி வாஷ் பண்ணி ஏதாவது விலை வரும். நோட்டீஸுக்குப் பதில் போடாம மட்டும் விட்டுடாதீங்க. அந்தப் பதில் போற அதே நாள்ல கெமிக்கல்காரருக்கும் எட்டாவது பிரிவைச் சொல்லி ஒரு நோட்டீஸ் போகணும், துணிக்காரருக்கு நான் என்ன கட்டறேனோ அது, வண்டிச் சேதம், டிரைவர் செலவு எல்லாத்தையும் நீ ஈடு கட்டுன்னு. மூணு வருஷ பார்ட்டி, உறவு கெட்டுப் போகுமேன்னு தயங்கறீங்க. போனை வச்சது அவர்தானே தம்பி.

இனிமே லோடு எடுக்கறதா வேண்டாமா

எடுக்கக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், யாராவது ஏத்தித்தான் ஆகணும், பட்டறை ஓடணும். ஆனா இப்ப இருக்கற ஏற்பாட்டுல அடுத்த லோடு கூட எடுக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 190(3)ல முதல் தடவை புடிச்சாலே பத்தாயிரம் ரூபா அபராதம், இல்லைன்னா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு, ரெண்டாவது தடவைன்னா மூணு வருஷம் வரைக்கும். உயிர்போற விபத்தா ஆயிட்டா, அலட்சியத்தால சாவுங்கற பி.என்.எஸ் 106 தனி.

முறையா பண்ணணும்னா ரெண்டு டிரைவரையாவது அந்தப் பயிற்சிக்கு அனுப்புங்க, எங்க நடக்குதுன்னு ஆர்.டி.ஓ ஆபீஸ்ல கேட்டாச் சொல்லுவாங்க. ஒரு வண்டியை கெமிக்கலுக்குன்னே ஒதுக்குங்க, துணி அதுல ஏறவே கூடாது. அந்த வண்டிக்கு வகுப்பு லேபிள், ரெண்டு பக்கமும் பின்னாடியும் எமர்ஜென்சி பேனல், ஸ்பார்க் அரெஸ்டர் (புகைக்குழாய்ல தீப்பொறி வெளிய வராம தடுக்கறது), முதலுதவிப் பெட்டி, இதெல்லாம் வேணும். பேனல்ல பொருளோட சரியான பேரு, ஐ.நா நம்பர், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பர் இருக்கணும். பார்ட்டிகிட்ட ஒவ்வொரு பொருளுக்கும் சேஃப்டி டேட்டா ஷீட் கேளுங்க, அதுல பதினாலாவது பகுதிதான் போக்குவரத்துக்கானது, நம்பர், வகுப்பு எல்லாம் அங்க இருக்கும், தராதவன் சரக்கை ஏத்தாதீங்க. ஹைட்ரோஸ் ஒரு டிரிப், பெராக்சைடு இன்னொரு டிரிப், ஆசிட்டையும் ஹைட்ரோஸோட சேர்க்காதீங்க, அதுக்கும் அதே புகைதான். மழைக்காலத்துல கிழிஞ்ச தார்ப்பாயோட ஹைட்ரோஸ் கிளம்பவே கூடாது. 2007 சட்டத்துல 13ஆவது பிரிவுப்படி, அபாயகரமான சரக்கு கிளம்பறதுக்கு முன்னாடி அந்த லோடுக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு டிரான்ஸ்போர்ட்காரர்தான் பார்த்துக்கணும், அதுல உயிர்ச்சேதம், காயம், சொத்துச் சேதம் எல்லாம் அடங்கணும். எல்.ஆர் புக் பிரஸ்ல அடிச்சேன்னு எழுதியிருக்கீங்க, கேரியர் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் வாங்குனீங்களான்னு எழுதல. இல்லைன்னா அதை முதல்ல வாங்குங்க, நம்ம நோட்டீஸுக்கு எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல கேக்கறது அதைத்தான்.

இதுக்கெல்லாம் செலவாகும், வாடகை ஏறும், பார்ட்டி பக்கத்து ஆள்கிட்ட போயிடுவான்னு பயப்படறீங்க. போகலாம். ஆனா பெரிய பட்டறைங்க, எக்ஸ்போர்ட் யூனிட்டுங்கள்ல வெளிநாட்டு பையர் ஆடிட் வர்ற இடத்துல பேப்பர் சரியா இருக்கற வண்டியைத்தான் உள்ள விடுவாங்க, அந்தப் பக்கம் விசாரிச்சுப் பாருங்க, குறைஞ்ச டிரிப்ல இதே காசு வரலாம்.

கடைசியில ஒரு வரி சேர்த்திருந்தீங்க, கரூர் பார்ட்டிக்கு அஞ்சு லிட்டர் பெராக்சைடு சாம்பிளை ஆம்னி பஸ் டிக்கியில போட்டு விடலாமா, சின்னக் கேன்தானேன்னு. அந்த பஸ்ல நாப்பது பேர் தூங்கிட்டுப் போவாங்க. பஸ்லயும் வேண்டாம், ரயில் பார்சல்ல வேற பேர் எழுதிப் போடறதும் வேண்டாம், ரயில்வே சட்டம் 164ல அதுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. கரூர்க்காரரை அவர் ஊர்லயே டீலர்கிட்ட சாம்பிள் வாங்கிக்கச் சொல்லுங்க.